வீட்டுக்காரர் ‘காலி பண்ணுங்க’ என்றால் போதுமா? தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எதுவரை காக்கும்

வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்வது பற்றி இரண்டு நம்பிக்கைகள் ஊரில் உலவுகின்றன. ‘வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது, கோர்ட்டுக்குப் போனால் வருஷக்கணக்கில் இழுக்கும், யாராலும் அசைக்க முடியாது’ என்பது ஒன்று. ‘பதினோரு மாத அக்ரிமென்ட் முடிந்தால் மறுநாளே வீட்டுக்காரர் பூட்டுப் போடலாம்’ என்பது இன்னொன்று. முதலாவது 2019-க்கு முந்தைய நிலைமையின் நினைவு. இரண்டாவது எந்தக் காலத்திலும் சட்டமாக இருந்ததில்லை.

இந்தக் குழப்பம் வந்ததற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நடைமுறையில் இருந்த சட்டம் போய், முற்றிலும் வேறு அடிப்படை கொண்ட சட்டம் வந்துவிட்டது. பழைய சட்டத்தை நம்பி உட்கார்ந்திருக்கும் குடித்தனக்காரர்களும், புதிய சட்டம் தங்கள் கைக்குச் சாவியைக் கொடுத்துவிட்டதாக நினைக்கும் வீட்டுக்காரர்களும் ஒரே வாசலில் மோதிக்கொள்கிறார்கள். என் கருத்து இதுதான்: பாதுகாப்பு ஒழிந்துவிடவில்லை, இடம் மாறிவிட்டது. முன்பு அது சட்டப் புத்தகத்திலேயே இருந்தது. இப்போது பெரும்பகுதி நீங்கள் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தில் இருக்கிறது.

பழைய சட்டம் என்ன செய்தது

வாடகைக் கட்டுப்பாடு இங்கே போர்க்காலத்தில் பிறந்தது. இரண்டாம் உலகப்போரின்போது நகரங்களில் வீடு கிடைக்காமல் வாடகை ஏறியது. அப்போது வந்த கட்டுப்பாட்டு ஆணைகளைத் தொடர்ந்து சென்னை மாகாணத்தில் 1946-லும் 1949-லும் சட்டங்கள் வந்தன. அவற்றின் இடத்தில் வந்ததுதான் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம், 1960.

அதன் நெஞ்சுப்பகுதி பத்தாவது பிரிவு. அதில் எழுதியிருக்கும் காரணங்களில் ஒன்று இருந்தால் மட்டுமே குடித்தனக்காரரை வெளியேற்ற முடியும். வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தது, கேட்காமல் உள்வாடகைக்கு விட்டது, வாடகைக்கு எடுத்த நோக்கத்தை மாற்றியது, கட்டடத்தைச் சேதப்படுத்தியது, அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை கொடுத்தது, வீட்டுக்காரரின் உரிமையையே மறுத்தது, வீட்டுக்காரருக்குச் சொந்தக் குடியிருப்புக்கு உண்மையாகவே வீடு தேவைப்பட்டது ஆகியவை முக்கியமானவை. இடித்துக் கட்டுவதற்குத் தனியாகப் பதினான்காவது பிரிவு இருந்தது.

இதில் ‘ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது’ என்ற காரணம் இல்லை. அதுதான் அந்தச் சட்டத்தின் உயிர். எழுத்தே இல்லாமல், வாய்ப்பேச்சில் குடிவந்தவருக்கும் அதே பாதுகாப்பு. காலம் முடிந்த பிறகும் அவர் சட்டப்படியான குடித்தனக்காரராகவே தொடர்ந்தார். வழக்கை முதலில் விசாரிக்கும் ரென்ட் கன்ட்ரோலர், மேல்முறையீடு, உயர் நீதிமன்றத்தில் சீராய்வு என்று மூன்று படிகள் ஏறி இறங்க ஆண்டுகள் பிடித்தன. நீதிமன்ற வளாகங்களில் ‘ஆர்.சி.ஓ.பி.’ என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். ரென்ட் கன்ட்ரோலரிடம் போடும் மனுவுக்கு அதுதான் பெயர்.

இந்தப் பாதுகாப்புக்கு ஒரு விலையும் இருந்தது. பழைய கட்டடங்களில் பழைய வாடகை உறைந்து நின்றது. வீட்டைப் பூட்டி வைத்தாலும் வைப்பேன், வாடகைக்கு விடமாட்டேன் என்று பலர் ஒதுங்கினார்கள். சட்டத்தை மாற்ற வேண்டும் என்ற வாதம் இங்கிருந்து வந்தது. அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

2017-ஆம் ஆண்டுச் சட்டம் எதை மாற்றியது

சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் ஆகிய இரு தரப்பின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் 2017-இல் நிறைவேறியது. 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றோடு 1960 சட்டம் நீக்கப்பட்டது. அதற்கு முன்பே நிலுவையில் இருந்த வழக்குகள் மட்டும் பழைய சட்டப்படியே தொடரும். ஒரே தெருவில் ஒரு வீட்டின் வழக்கு பழைய சட்டத்திலும் பக்கத்து வீட்டின் வழக்கு புதிய சட்டத்திலும் நடப்பது இதனால்தான்.

மாற்றங்களில் வெளியேற்றத்தோடு நேரடியாகத் தொடர்புள்ளவை இவை:

1. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்து பதிவு எண் வாங்க வேண்டும். இந்த அமைப்பு என்பது மாவட்ட ஆட்சியரால் அமர்த்தப்படும், துணை ஆட்சியர் நிலையில் உள்ள அதிகாரி. பதிவுக்கு அரசின் இணையதளம் இருக்கிறது.

2. வாடகை எவ்வளவு என்பதை இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். ‘நியாய வாடகை’ என்று அரசு கணக்குப் போட்டுக் கட்டுப்படுத்திய முறை போய்விட்டது.

3. ஒப்பந்தக் காலம் ஓடிக்கொண்டிருக்கும்போது, சட்டத்தின் 21-ஆவது பிரிவில் சொன்ன காரணங்களுக்காக அன்றி வெளியேற்ற முடியாது.

4. காலம் முடிந்து, புதுப்பிக்கவும் இல்லை, காலி செய்யவும் இல்லை என்றால், அதே நிபந்தனைகளில் மாதாமாதம் தொடர்வதாகக் கருதப்படும். அதிகபட்சம் ஆறு மாதம்.

5. அதற்கு மேலும் தங்கினால் இரட்டை வாடகைக் கணக்கில் இழப்பீடு கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு.

மூன்றாவதையும் நான்காவதையும் சேர்த்துப் படித்தால் விஷயம் விளங்கும். பழைய சட்டத்தில் காரணம் இல்லாவிட்டால் எத்தனை ஆண்டானாலும் வெளியேற்ற முடியாது. புதிய சட்டத்தில் காரணம் தேவைப்படுவது ஒப்பந்தக் காலத்துக்குள் மட்டும்தான். பதினோரு மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டால் பதினோரு மாதப் பாதுகாப்பு. மூன்று ஆண்டுக்குப் போட்டால் மூன்று ஆண்டு. குடிவரும் அன்று அட்வான்ஸையும் வாடகையையும் பற்றி அரை மணி நேரம் பேசுபவர்கள் காலத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், டைப் அடித்த தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள். இன்றைய சட்டத்தில் மிக விலையுள்ள வரி அந்தக் கால அளவு வரிதான்.

பதினோரு மாதம் எங்கிருந்து வந்தது

1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். முத்திரைக் கட்டணம், பதிவுக் கட்டணம், அலைச்சல் எல்லாவற்றையும் தவிர்க்கப் பதினோரு மாதம் என்று எழுதும் பழக்கம் வந்தது. அவ்வளவுதான் அதன் பின்னணி. பதினோரு மாதம் முடிந்ததும் குடித்தனக்காரரின் உரிமை தானாக ஆவியாகிவிடும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இதோடு ஒட்டிக்கொண்ட இன்னொரு பயம், ‘பன்னிரண்டு வருஷம் இருந்தால் வீடு அவனுக்கே சொந்தமாகிவிடும்’ என்பது. இது எதிரிடை அனுபோகம் பற்றிய விதியைத் தவறாகப் புரிந்துகொண்டதால் வந்தது. உரிமையாளரின் சம்மதம் இல்லாமல், அவருக்கு எதிராக, வெளிப்படையாகச் சொத்தை அனுபவிப்பவருக்குத்தான் அந்தப் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு. குடித்தனக்காரர் சம்மதத்தோடு, வாடகை கொடுத்து இருப்பவர். எத்தனை ஆண்டு இருந்தாலும் அந்த இருப்பின் தன்மை மாறாது. இந்த ஒரு தவறான பயத்தாலேயே நல்ல குடித்தனக்காரர்களை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர்கள் நிறைய. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ரேஷன் கார்டு, கேஸ் இணைப்பு என்று ஒரு குடும்பமே இதற்காக இடம்பெயர வேண்டியிருக்கிறது.

எந்தக் காரணங்களுக்காக வெளியேற்றலாம்

21-ஆவது பிரிவுக்கு வருவோம். வீட்டுக்காரர் வாடகை நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். அதற்கான காரணங்களில் அடிக்கடி எழுபவை:

1. சட்டம் கேட்கும் எழுத்து ஒப்பந்தத்துக்கு இரு தரப்பும் வரத் தவறியது.
2. இரண்டு மாத வாடகையோ மற்ற கட்டணங்களோ பாக்கியாகி, கேட்டு நோட்டீஸ் கொடுத்த ஒரு மாதத்துக்குள்ளும் கட்டாதது.
3. எழுத்துச் சம்மதம் இல்லாமல் வீட்டையோ ஒரு பகுதியையோ வேறொருவருக்கு விட்டது.
4. நோட்டீஸ் கொடுத்த பிறகும் தவறான முறையில் வீட்டைப் பயன்படுத்தியது.
5. ஆள் இருக்கும்போது செய்ய முடியாத பழுதுபார்ப்பு, இடித்துக் கட்டுதல்.
6. வீட்டுக்காரருக்கோ அவர் குடும்பத்துக்கோ குடியிருப்புத் தேவை.

முதல் காரணத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒப்பந்தம் இல்லாததே வெளியேற்றக் காரணம் ஆகிறது. பழைய சட்டத்தை நம்பி, முப்பது நாற்பது ஆண்டுகளாக வாய்ப்பேச்சில் இருந்துவந்த குடித்தனக்காரர்களை இது நேராகப் பாதித்தது. வீட்டுக்காரர் ஏற்கவே முடியாத வாடகையைச் சொல்வார், குடித்தனக்காரர் மறுப்பார், ஒப்பந்தம் முறியும், அதையே காரணமாக வைத்து மனு வரும். வாடகை நீதிமன்ற மனுக்களான ‘ஆர்.எல்.டி.ஓ.பி.’க்களில் இந்தக் காரணத்தை அடிக்கடி பார்க்கலாம். சட்டம் வந்த பிறகு வாய்மொழியாகக் குடிவந்தவர்களின் வழக்கை எந்த நீதிமன்றம் விசாரிப்பது என்பதே தனி வாதமாகி உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஒப்பந்தம் போட இரண்டு பேர் தேவை; போடாததன் விளைவு ஒருவர் தலையில் மட்டும் விழுகிறது. சட்டத்தின் மிகப் பெரிய குறை இதுதான் என்று நினைக்கிறேன்.

பதிவு செய்யாத ஒப்பந்தத்துக்கும் சிக்கல் உண்டு. பதிவாக வேண்டிய ஒப்பந்தம் பதிவாகாவிட்டால் அதைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று 2018-இல் ஒரு பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். மூன்று ஆண்டு என்று தாளில் எழுதி வாங்கியிருந்தாலும், பதிவு எண் இல்லையென்றால் அந்த மூன்று ஆண்டைக் காட்டி வாதாடுவது கடினம்.

வாடகை பாக்கியும் அட்வான்ஸும்

வழக்குகளில் குடித்தனக்காரர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் இது. ஒரு கணக்கோடு பார்க்கலாம். வாடகை 12,000 ரூபாய், அட்வான்ஸ் 1,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வேலை போய் இரண்டு மாதம் வாடகை கொடுக்க முடியவில்லை. ‘அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் சார்’ என்கிறார் குடித்தனக்காரர். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் மாதம் வக்கீல் நோட்டீஸ் வருகிறது, 24,000 ரூபாய் பாக்கி என்று.

பழைய சட்டத்தில் இவருக்கு நல்ல பதில் இருந்தது. ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பது அந்தச் சட்டத்தின் விதி. அதற்கு மேல் வாங்கியது குடித்தனக்காரரின் பணமாகவே வீட்டுக்காரர் கையில் இருக்கிறது, ஆகவே வேண்டுமென்றே பாக்கி வைத்ததாகச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றமே 1996-இல் தீர்ப்பளித்தது. தவிர, வேண்டுமென்றே வைத்த பாக்கியா என்பதைக் காட்ட, இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்த பிறகும் கட்டவில்லை என்ற அளவுகோலும் அந்தச் சட்டத்தில் இருந்தது.

புதிய சட்டத்தில் ‘வேண்டுமென்றே’ என்ற கேள்வியே இல்லை. இரண்டு மாதப் பாக்கி, நோட்டீஸ், ஒரு மாதக் கெடு. கையில் அட்வான்ஸ் இருக்கிறது என்ற நம்பிக்கையில் கெடுவைத் தவறவிடுவது ஆபத்து. நோட்டீஸ் வந்தால் அந்த ஒரு மாதத்துக்குள் பாக்கியைக் கட்டி, கட்டியதற்கான சான்றை வைத்துக்கொள்வதுதான் வழி. ஒருமுறை இப்படித் தப்பித்தவர் மறுபடி மறுபடி அதே சலுகையை எதிர்பார்க்கவும் முடியாது.

அட்வான்ஸுக்கு இப்போதைய வரம்பு, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை, மூன்று மாத வாடகை. அந்த ‘எழுதிக்கொள்ளாதவரை’ என்பதால்தான் பத்து மாத அட்வான்ஸ் கேட்பது சென்னையில் இன்னும் நடக்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான கழிவு போக மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

சரி, குடித்தனக்காரர் கொடுக்கத் தயார், வீட்டுக்காரர்தான் வாங்க மாட்டேன் என்கிறார் என்றால்? பாக்கியை உண்டாக்கி அதன்மேல் வழக்குப் போடுவதற்காகவே வாடகையை மறுப்பது பழைய உத்தி. வங்கிக் கணக்கை மாற்றிவிடுவார்கள், அனுப்பிய பணத்தைத் திருப்பி அனுப்புவார்கள். இதற்கு இரண்டு சட்டங்களிலும் மருந்து இருக்கிறது. இப்போது மணியார்டரிலோ வங்கி வழியாகவோ அனுப்பிப் பார்க்க வேண்டும். இரண்டு மாதம் அப்படியும் மறுத்தால் வாடகை அதிகார அமைப்பிடம் கட்டிவிடலாம். முக்கியமானது, மறுத்ததற்குச் சான்று: திரும்பி வந்த மணியார்டர், பதிவுத் தபாலின் ஒப்புகைச் சீட்டு, திரும்பிய பணத்தின் வங்கிப் பதிவு. ‘அவர்தான் வாங்கவில்லை’ என்று நீதிமன்றத்தில் வாயால் சொல்வதற்கு மதிப்பு குறைவு.

பூட்டு, தண்ணீர், கரண்ட்

இதுவரை சொன்னது வெளியேற்றக் காரணம் இருக்கிறதா என்பதைப் பற்றி. யார் வெளியேற்றலாம் என்பது தனிக் கேள்வி. வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் இடையிலான வழக்கில் பழைய சட்டத்திலும் புதிய சட்டத்திலும் அதற்கு ஒரே பதில்தான்: நீதிமன்றம் மட்டும்.

ஒப்பந்தம் முடிந்திருக்கலாம், ஆறு மாத வாடகை பாக்கி இருக்கலாம், பதிவே செய்யாமல் இருக்கலாம். அப்போதும் வீட்டுக்காரர் தன் கையால் சாமானை எடுத்து வெளியே வைக்க முடியாது. மனு, விசாரணை, உத்தரவு, அதன்பின் நிறைவேற்று மனு. அந்த உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு கோர்ட் அமீனா வந்து, தேவைப்பட்டால் போலீஸ் பாதுகாப்போடு, வீட்டைத் திறந்து சாமான்களுக்குப் பட்டியல் போட்டு, சாவியை வீட்டுக்காரரிடம் ஒப்படைப்பார். சட்டப்படியான வெளியேற்றம் இப்படித்தான் இருக்கும். ஆட்களைக் கூட்டிவந்து கதவைத் தட்டுவதோ, வெளியூர் போயிருக்கும்போது பூட்டை மாற்றுவதோ இதில் சேராது. காவல் நிலையத்தில் கூப்பிட்டு ‘ஒரு வாரத்தில் காலி பண்ணுறேன்னு எழுதிக் கொடு’ என்பதற்கும் சட்டத்தில் இடமில்லை. வெளியேற்ற உத்தரவிடும் அதிகாரம் போலீஸுக்கு இல்லை.

கதவைத் தொடாமல் ஆளை விரட்டும் வழிகளும் உண்டு. மோட்டார் ஸ்விட்சை நிறுத்திவிடுவது, ஃபியூஸைப் பிடுங்குவது, மாடிப்படி விளக்கை அணைப்பது, கழிவுநீர்க் குழாய் அடைப்பைச் சரிசெய்யாமல் விடுவது. கைக்குழந்தையோ படுக்கையில் கிடக்கும் முதியவரோ இருக்கும் வீட்டில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் யாரும் வழக்கு நடத்தமாட்டார்கள், வேறு வீடு தேடிப் போய்விடுவார்கள். இது தெரிந்தேதான் செய்கிறார்கள். புதிய சட்டத்தின் 20-ஆவது பிரிவு இதைத் தடை செய்கிறது. வாடகை அதிகார அமைப்பிடம் புகார் கொடுத்தால், விசாரணை முடியும் முன்பே சேவையைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போடலாம், அபராதமும் விதிக்கலாம். வாடகை பாக்கி இருக்கிறது என்பது தண்ணீரை நிறுத்துவதற்குச் சாக்கு ஆகாது.

ஏற்கனவே வெளியே தள்ளிவிட்டார்கள் என்றால், 1963-ஆம் ஆண்டுக் குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு இருக்கிறது. சம்மதமும் இல்லாமல், சட்ட முறைப்படியும் இல்லாமல் வெளியேற்றப்பட்டவர் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு இருப்பை மீட்கலாம். சொத்து யாருடையது என்ற கேள்வியை அங்கே எழுப்ப முடியாது. நீ அங்கே இருந்தாயா, பலவந்தமாக வெளியேற்றப்பட்டாயா என்பது மட்டுமே விசாரணை. ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். சமாதானம் பேசிக்கொண்டே ஆறு மாதத்தைக் கடத்திவிட்டால் இந்த வாசல் மூடிவிடும்.

வீடு கைமாறினால்

‘வீட்டை வித்தாச்சு, வாங்கினவர் காலியா கேக்கிறார்’ என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. வாங்கியவர் வீட்டை மட்டும் வாங்கவில்லை, குடித்தனத்தையும் சேர்த்தே வாங்குகிறார். 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 109-ஆவது பிரிவுப்படி, பழைய வீட்டுக்காரரின் உரிமைகளோடு அவர் பொறுப்புகளும் புதியவரிடம் வரலாம். ஒப்பந்தத்தில் எட்டு மாதம் மீதி இருந்தால் அந்த எட்டு மாதம் அவரையும் கட்டுப்படுத்தும். அட்வான்ஸை யார் திருப்பித் தருவது என்பதை மட்டும் மூன்று பேரும் சேர்ந்து எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது. தகராறு பெரும்பாலும் அங்கேதான் வருகிறது.

வங்கி ஏலம் வந்தால் நிலைமை வேறு, கடினமும் கூட. வீட்டுக்காரர் வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கிக் கட்டாமல் போனால், 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி நீதிமன்ற வழக்கு இல்லாமலே வீட்டைக் கைப்பற்றத் தொடங்கலாம். முதலில் கடன் வாங்கியவருக்கு 60 நாள் நோட்டீஸ். அப்புறம் கதவில் அறிவிப்பு ஒட்டுவார்கள். குடித்தனக்காரருக்கு விஷயம் தெரியவருவதே பல நேரம் அந்தத் தாளைப் பார்த்துத்தான். இங்கே கேட்கப்படும் கேள்வி ஒன்று: அடமானத்துக்கு முன்பே நீங்கள் குடிவந்தீர்களா, அதைப் பதிவான பத்திரத்தால் காட்ட முடியுமா? முடியும் என்றால் ஒப்பந்தக் காலம்வரை பாதுகாப்பு உண்டு. அடமானத்துக்குப் பிறகு வாய்ப்பேச்சில் வந்தவருக்குப் பிடிமானம் மிகக் குறைவு. 2016-இல் வந்த திருத்தம், குடித்தனக்காரர் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிட வழி செய்தது.

லட்சக்கணக்கில் மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருக்கும் ‘லீஸ்’ அல்லது போக்கியக் குடித்தனங்களில் இந்த அடி இன்னும் பலமாக விழும். இங்கே பறிபோகக்கூடியது மூன்று மாத அட்வான்ஸ் அல்ல, ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பு. அனுபோக அடமானம் என்றால் பதிவு கட்டாயம். இருபது ரூபாய் பத்திரத்தாளில் எழுதிய ‘லீஸ் அக்ரிமென்ட்’ ஏலத்தின் முன் நிற்காது. பணம் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்று போட்டு, ஏற்கனவே அடமானம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேசுபவர் உரிமையாளர்தானா, உரிமையாளரிடம் வாடகைக்கு எடுத்து உங்களிடம் லீஸுக்கு விடும் இடைத்தரகரா என்பதையும் மூலப்பத்திரத்தில் உள்ள பெயரை வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

இந்தச் சட்டம் பொருந்தாத இடங்கள்

கோயில் வீடுகள், வக்ஃபு சொத்துகள், அரசுக் குடியிருப்புகள், நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்குக் கொடுக்கும் வீடுகள் ஆகியவை 2017 சட்டத்தின் வெளியே இருக்கின்றன. கோயில் இடத்தில் இருப்பவருக்கு 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் விதிகள். அங்கே குத்தகைக் காலம் முடிந்தபின் இருப்பவர் ஆக்கிரமிப்பாளராகக் கருதப்படும் நிலை வரும். இடம் மட்டும் வாடகைக்கு எடுத்துத் தன் செலவில் வீடு கட்டிக்கொண்டவர்களுக்கு 1921-ஆம் ஆண்டு நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் என்ற தனி ஏற்பாடு இருந்துவருகிறது. குடிசைப்பகுதி என்று 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட்ட இடங்களில் குடியிருப்பவரை வெளியேற்ற உரிய அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். ஆகவே நோட்டீஸ் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, தன் வீடு எந்தச் சட்டத்தின்கீழ் வருகிறது என்பதை.

நோட்டீஸ் வந்த வாரத்தில் செய்ய வேண்டியவை

1. நோட்டீஸ் கிடைத்த தேதியை உறையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். ஒரு மாதக் கெடு அங்கிருந்துதான் ஓடுகிறது. உறையை வாங்காமல் திருப்பி அனுப்புவதால் கெடு நிற்காது.

2. வாடகை கொடுத்த சான்றுகளை மாதவாரியாக அடுக்குங்கள். கையில் பணமாகக் கொடுத்து ரசீது வாங்காதவர்கள் இனிமேலாவது ஜிபே, வங்கி மாற்றம் என்று தடயம் விடும் வழிக்கு மாறுங்கள். ‘ஜூன் வாடகை’ என்று குறிப்பு எழுதி அனுப்புவது பின்னால் பெரிய உதவி.

3. பாக்கி உண்மை என்றால் கெடுவுக்குள் கட்டுங்கள். தொகையில் தகராறு என்றால் ஒப்புக்கொள்ளும் தொகையைக் கட்டிவிட்டு மீதியைப் பற்றி எழுத்தில் பதில் சொல்லுங்கள்.

4. ஒப்பந்தம் எழுதாமலோ பதிவாகாமலோ இருந்தால், எழுதிப் பதிவு செய்ய நீங்கள் தயார் என்று வீட்டுக்காரருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். தவறு யாருடையது என்ற கேள்வி வரும்போது அந்தக் கடிதம் பேசும்.

5. பூட்டு, தண்ணீர், மின்சாரம் என்று வந்தால் தேதி தெரியும்படி படம் எடுத்து, அன்றே வாடகை அதிகார அமைப்புக்குப் புகார் கொடுங்கள்.

6. வாடகை நீதிமன்றம் அனுப்பும் சம்மனுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். ஆஜராகாதவருக்கு எதிராக ஒருதலைப்பட்சமாகவே உத்தரவு வந்துவிடும். சென்னையில் இந்த வழக்குகள் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் நடக்கின்றன. மற்ற மாவட்டங்களில் மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தில் கேட்க வேண்டும். உத்தரவு பாதகமாக வந்தால் வாடகைத் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு உண்டு.

வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்பதற்காகச் சம்மனை அலமாரியில் வைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுக்க வேண்டும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. ஆதார், சம்மன், ஒப்பந்த நகல் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு நேரில் போகலாம், அல்லது 15100 என்ற எண்ணில் அழைத்து எந்த அலுவலகம் என்று கேட்டுக்கொள்ளலாம்.